டெமோ மாதிரி இருக்கிறது என்று கம்பெனி தயங்கிய தட்டு: வில்லி நெல்சனின் 'ரெட் ஹெடட் ஸ்ட்ரேஞ்சர்'

1975 மே மாதம் கொலம்பியா கம்பெனி வெளியிட்ட கன்ட்ரி (அமெரிக்க நாட்டுப்புற வகை) இசை எல்பி தட்டு இது. 15 துண்டுகள், எல்லாம் சேர்ந்தும் 35 நிமிடத்தைத் தாண்டாது. பாடியவரும் தயாரித்தவரும் வில்லி நெல்சனேதான்.

அதுவரை கன்ட்ரி இசையின் தலைநகரான நாஷ்வில்லில் அவரைப் பாட்டெழுதுகிறவர் என்றுதான் மதித்தார்கள். 1961-ல் பாடகி பேட்ஸி க்ளைன் பாடிய 'கிரேஸி' அவர் எழுதியதே. ஆர்சிஏ இசைத்தட்டு கம்பெனியில் இருந்தபோது அவர் குரலின்மேல் வயலின் கூட்டத்தையும் கோரஸையும் ஏற்றி வைத்தார்கள். ஒட்டவில்லை. கொலம்பியாவுக்கு மாறியபோது எதைப் பாடுவது, எப்படிப் பதிவது என்ற உரிமையைத் தன் கையில் வாங்கிக்கொண்டார். டெக்சாஸ் கார்லண்டில் ஆட்டம் சவுண்ட் (Autumn Sound) ஸ்டூடியோ, தன்னோடு ஊர் ஊராக வாசிக்கும் குழு, சுமார் 4,000 டாலர் செலவு. கேட்ட கம்பெனிக்காரர்கள் முழுதாக முடிக்காத டெமோ, அதாவது மாதிரிப் பதிவு என்றே நினைத்தார்கள்.

அப்படித் தோன்றுவதற்குக் காரணம் உண்டு. 'ப்ளூ ஐஸ் க்ரையிங் இன் த ரெய்ன்' பாட்டையே எடுங்கள். ஃப்ரெட் ரோஸ் எழுதிய பழைய பாட்டு. ஈ, ஏ, பி7 என்று மூன்றே கார்டு (chord, சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டு). கிட்டாரும் பேஸும் வண்டி மாடு மாதிரி ஒரே நடையில் போகின்றன. குரல் மட்டும் தாளத்துக்குப் பின்னால் நழுவி, வரி முடிவதற்குள் ஓடிவந்து சேர்ந்துகொள்கிறது. பின்னணி அடர்த்தியாக இருந்தால் அந்த நழுவல் காதில் விழாது. தயாரிப்பாளர் நெல்சன் பாடகர் நெல்சனுக்குச் செய்த பெரிய உதவி, இடத்தைக் காலியாக விட்டதுதான். பாடகராக அவருக்கு கன்ட்ரி பாட்டுகளின் தரவரிசைப் பட்டியலில் முதல் முதலிடமும் ஒரு கிராமி விருதும் இந்தப் பாட்டில்தான் கிடைத்தன.

அவர் கிட்டாரின் செல்லப்பெயர் 'ட்ரிக்கர்', மார்ட்டின் கம்பெனியின் என்-20 மாடல். நைலான் கம்பி போட்ட கிளாசிக்கல் கிட்டார். அதற்குள் பால்ட்வின் கிட்டாரிலிருந்து கழற்றிய பிக்அப்பை (கம்பி அதிர்வை மின்சமிக்ஞையாக்கும் கருவி) பொருத்தி ஆம்ப்ளிஃபயரில் கொடுத்ததால்தான் அந்த வறண்ட, மூக்கடைத்த ஒலி. விரலால் மீட்ட வேண்டியதைப் பிக்கால், அதாவது மீட்டும் சில்லால் அடித்தே பலகையில் ஓட்டை விழுந்துவிட்டது. கிளாசிக்கல் கிட்டாருக்குப் பலகையைக் காக்கும் பிக்கார்டு (pickguard) தகடு கிடையாது. இந்த ஒலிக்கு ஆசைப்பட்டு உங்கள் கிளாசிக்கல் கிட்டாரில் ஸ்டீல் கம்பி மாட்டிவிடாதீர்கள். இழுவை தாங்காமல், கம்பியைப் பலகையில் பிடித்திருக்கும் பிரிட்ஜ் பெயர்ந்து வரும்.

குறையும் இருக்கிறது. மனைவியையும் அவள் காதலனையும் கொன்றுவிட்டு அலையும் ஒரு போதகரின் கதை முதல் பக்கத்தில் கச்சிதமாக நகர்கிறது. இரண்டாம் பக்கத்தில் 'டென்வர்' முடிந்ததும் 'ஓவர் த வேவ்ஸ்', 'டவுன் யாண்டர்' என்று இரண்டு வாத்தியத் துண்டுகள் அடுத்தடுத்து வந்து கதையை நிறுத்திவிடுகின்றன. அக்கா பாபி நெல்சனின் பியானோ அழகுதான், இருந்தாலும் இடம் நிரப்பியது போலத்தான் படுகிறது. தலைப்புப் பாட்டில் குதிரையைத் தொட்டதற்காக ஒரு பெண் சுடப்படுவதை இவ்வளவு சாந்தமாகப் பாடிக் கடப்பது இன்று கேட்கையில் உறுத்துகிறது.

ஷஃபிளில், அதாவது வரிசை மாற்றிப் போட்டுக் கேட்டால் இந்த ஆல்பம் செத்துவிடும். 'டைம் ஆஃப் த ப்ரீச்சர்' பாட்டின் சிறு துணுக்குகள் நடுநடுவே திரும்பி வருவதுதான் கதைக்கு முடிச்சு. தனியாகக் கேட்டால் அவை அறுந்த நூல். பழைய எல்பி வாங்குகிறவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். சத்தமான ராக் தட்டில் மறைந்துபோகும் கீறல், இங்கே குரலுக்கும் கிட்டாருக்கும் நடுவிலுள்ள மௌனத்தில் பொரிகடலை மாதிரி வெடிக்கும். விளக்கடியில் சாய்த்துப் பார்த்து, முடிந்தால் 'ப்ளூ ஐஸ்' தொடங்கும் இடத்தில் ஊசியை வைத்துக் கேட்டுவிட்டுக் காசைக் கொடுங்கள். 2000-ல் வந்த சிடியில் கூடுதலாகச் சில துண்டுகள் ஒட்டியிருக்கிறார்கள். 15-வதான 'பண்டேரா' கிட்டாரோடு அடங்கியதும் நிறுத்திவிடுங்கள்.