அலாஸ்கா கப்பல் பயணம்: 31 வருடம் பாடம் நடத்திய பனியாற்றை நேரில் பார்த்தேன்

அம்பாசமுத்திரம் பக்கம் அரசுப் பள்ளியில் 31 வருடம் புவியியல் நடத்தியவள் நான். பனியாறு, அது தள்ளிவந்து குவிக்கும் கல்மண்ணான மொரைன், யு வடிவப் பள்ளத்தாக்கு என்று கரும்பலகையில் எத்தனை முறை வரைந்திருப்பேனோ, கணக்கே இல்லை. ஒன்றைக்கூட நேரில் பார்த்ததில்லை. ஓய்வு பெற்ற பிறகு சியாட்டிலில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போனபோதுதான், ஆகஸ்ட் மாதத்தில், அந்தக் குறை தீர்ந்தது. சியாட்டிலில் ஏறி அலாஸ்கா போய்த் திரும்பும் 7 இரவுக் கப்பல் பயணத்துக்கு மகளும் மாப்பிள்ளையும் டிக்கெட் போட்டுக் கொடுத்தார்கள். நானும் என் வீட்டுக்காரரும் மட்டும் போனோம். கடல் கப்பல் இருவருக்குமே முதல் தடவை. இதே வழியில் பல கம்பெனிகளின் கப்பல்கள் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் ஓடுகின்றன. அதனால் கப்பலைப் பற்றிக் கொஞ்சமும், வெளியே பார்த்ததைப் பற்றி நிறையவும் எழுதுகிறேன்.

முதலில் ஒரு முக்கியமான விஷயம். சியாட்டிலில் கிளம்பும் இந்தக் கப்பல்கள் வழியில் ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தைத் தொட்டாக வேண்டும் என்று அமெரிக்காவில் 1886-இல் போட்ட சட்டம் ஒன்று இருக்கிறது. அதற்காகத்தான் கடைசி இரவு கனடாவின் விக்டோரியாவில் சில மணி நேரம் நிறுத்துகிறார்கள். எங்களைப் போல இந்திய பாஸ்போர்ட்டில், அமெரிக்க விசிட்டர் விசாவில் வந்தவர்கள் கனடா விசாவும் தனியாக எடுத்திருக்க வேண்டும். மகள் முன்பே கவனித்ததால் தப்பித்தோம். பெற்றோரை அனுப்ப நினைக்கும் பிள்ளைகள் டிக்கெட் போடும் முன் இதைப் பார்த்துவிடுங்கள்.

சனிக்கிழமை மாலை கிளம்பினோம். ஞாயிறு முழுக்கக் கடல். வான்கூவர் தீவுக்கு மேற்கே திறந்த பசிபிக்கில் போகும்போது கப்பல் நன்றாகவே ஆடியது. வீட்டுக்காரர் மதியம் வரை படுக்கையை விட்டு எழவில்லை. கையோடு கொண்டுபோன இஞ்சி மரப்பாதான் கைகொடுத்தது. வடக்கே தீவுகளுக்கு இடையே நுழைந்ததும் தண்ணீர் குளம்போல ஆகிவிட்டது. அப்புறம் கடைசி வரை தொந்தரவில்லை.

திங்கள் கெட்சிக்கன். வருடத்துக்குச் சுமார் 3,800 மில்லிமீட்டர் மழை பெய்யும் ஊர். நாங்கள் இறங்கும்போதும் பெய்துகொண்டுதான் இருந்தது. மரத்தண்டில் பாசி, கிளையில் பாசி, மலையெல்லாம் மேகம் என்று மாஞ்சோலைக்கு ஏறினதுபோல எனக்கு இருந்தது. இங்கே காசு கொடுத்து எந்தச் சுற்றுலாவும் எடுக்க வேண்டாம். துறைமுகத்திலிருந்து நடக்கிற தூரத்தில் ஊருக்கு நடுவே ஓடை ஓடுகிறது. கடலிலிருந்து சால்மன் மீன்கள் அதில் ஏறிக்கொண்டிருந்தன. பாலத்தில் நின்று பார்த்தால் தண்ணீர் கறுப்பாகத் தெரிகிறது, அவ்வளவும் மீன். பாறை இடுக்கில் துள்ளி, விழுந்து, மறுபடி துள்ளி மேலே போகின்றன. முட்டையிட்டதும் செத்துவிடும். செத்த மீனைக் கரடியும் கழுகும் காட்டுக்குள் இழுத்துப் போய்த் தின்ன, மிச்சம் மரங்களுக்கு உரமாகிறது. கடலின் சத்து இப்படி மலைக்காட்டுக்கு ஏறுகிறது. குடையைப் பிடித்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் அங்கேயே நின்றோம்.

செவ்வாய் ஜூனோ. மாநிலத் தலைநகரம், ஆனால் வெளியிலிருந்து ஒரு சாலைகூட ஊருக்குள் வராது. கப்பலில் வரலாம், இல்லாவிட்டால் விமானம்தான். அங்கே திமிங்கலம் பார்க்கும் படகுக்குப் பதிந்திருந்தோம். படகில் கூட்டம் அதிகம். உள்ளே கண்ணாடியெல்லாம் ஆவி படிந்து ஒன்றும் தெரியவில்லை. வெளியே தளத்தில் நின்றால்தான் உண்டு, அங்கே காற்று எலும்பைத் துளைக்கிறது. நான் ஸ்வெட்டர் மட்டும் போட்டுப் போனது தவறு. காற்றும் மழையும் புகாத கோட்டு கட்டாயம் வேண்டும், ஆகஸ்டாக இருந்தாலும். ஆனால் எஞ்சினை அணைத்ததும் நடந்ததற்காக இன்னொரு முறை அந்தக் குளிரில் நிற்பேன். முதலில் மூச்சுச் சத்தம், பிறகு ஆளுயரத்துக்கு மேல் எழும்பும் நீராவி, பிறகு நீண்ட கறுத்த முதுகு. கூன்முதுகுத் திமிங்கலம். மூழ்கும்போது வாலை முழுசாகத் தூக்கிக் காட்டியது. வாலின் அடிப்பக்கத்துக் கறுப்பு வெள்ளைக் கோலம் ஒவ்வொன்றுக்கும் வேறாம், அதை வைத்தே ஒவ்வொரு திமிங்கலத்தையும் அடையாளம் காண்கிறார்கள். குளிர்காலத்தில் ஹவாய் போய்க் குட்டி போடும். அங்கே பெரும்பாலும் பட்டினிதான், இங்கே தின்று சேர்த்த கொழுப்பில்தான் ஓட்டுகின்றன.

புதன்கிழமைப் பயணத்தைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும். கப்பல் ஸ்காக்வேயில் நின்றது. பெரும்பாலானவர்கள் 1900-இல் கட்டி முடித்த மலை ரயிலுக்குப் போனார்கள். நாங்கள் சில்காட் ஆற்றுப் படகுப் பயணத்தைத் தேர்ந்தெடுத்தோம். ஆளுக்கு 200 டாலருக்குக் கொஞ்சம் மேல். நம் கணக்கில் பெரிய தொகைதான். மொத்தப் பயணத்திலும் யோசிக்காமல் மறுபடி கொடுக்கக்கூடிய காசு அதுதான்.

ஸ்காக்வேயிலிருந்து வேகப்படகில் முக்கால் மணி நேரம் போனால் ஹெயின்ஸ். அந்தக் கடல் கால்வாயின் ஆழம் சில இடங்களில் 600 மீட்டரைத் தாண்டுகிறது. இருபுறமும் செங்குத்துச் சுவர், மேலே அந்தரத்தில் தொங்கும் பள்ளத்தாக்குகளிலிருந்து அருவிகள். பனியாறு குடைந்துவிட்டுப் போன பள்ளத்தில் கடல் புகுந்தால் இப்படித்தான் இருக்கும் என்று நான் வரைந்த படம் அப்படியே நின்றது. ஹெயின்ஸில் இறங்கி பஸ்ஸில் ஆற்றோரம். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் கொடுத்தார்கள். காற்றடித்த ரப்பர் படகு, துடுப்புப் போட ஒரு இளம்பெண், நாங்கள் எட்டுப் பேர். பாய்ச்சலான நீர் எங்கும் இல்லை, 60 வயது தாண்டியவர்கள் தைரியமாகப் போகலாம். ஏறி இறங்க மட்டும் முழங்கால் ஒத்துழைக்க வேண்டும்.

தாமிரபரணியைப் பார்த்து வளர்ந்தவளுக்கு ஆறு என்றால் தெளிந்த தண்ணீர். இந்த ஆறு அரிசி களைந்த தண்ணீர் நிறம். மலைமேல் பனியாறு பாறையை அரைத்து அரைத்து மாவாக்கி அனுப்புகிறது, அந்த மாவுதான் இந்த நிறம். சுமக்க முடியாத வண்டலை நடுவிலேயே போட்டுவிட்டு, ஆறு ஐந்தாறு கிளையாகப் பிரிந்து, சேர்ந்து, மறுபடி பிரிகிறது. பின்னல் ஆறு என்று நடத்துவோமே, அதேதான். துடுப்புப் போடும் பெண் சட்டென்று துடுப்பை மேலே எடுத்துவிட்டு, "பேசாமல் படகின் அடியைக் கேளுங்கள்" என்றாள். தோசைக்கல்லில் மாவு ஊற்றினால் எழும் 'ஸ்ஸ்ஸ்' சத்தம். நீரோடு வரும் பாறைத்தூள் ரப்பரில் உரசுகிற ஒலியாம். மலை அரைபடுகிற சத்தத்தைக் காதால் கேட்டேன். எந்தப் பாடப்புத்தகத்திலும் இது இல்லை, தெரிந்திருந்தால் பிள்ளைகளுக்குச் சொல்லியிருப்பேன்.

பிறகு கழுகுகள். கரையோர மரங்களில் வெள்ளைத் தலை புள்ளி புள்ளியாகத் தெரிந்தது. இரண்டு மணி நேரத்துக்குள் 17 எண்ணினோம். தலையும் வாலும் வெளுக்க நாலைந்து வருடம் ஆகும், அதுவரை உடல் முழுக்கப் பழுப்பு. ஒரே கிளையில் தாயும் குஞ்சும் இருந்தால் வேறு வேறு பறவை என்றே நினைப்போம். இறக்கை விரித்தால் 2 மீட்டருக்கும் மேல், ஆனால் குரல் மட்டும் கீச்சுக் கீச்சென்று மெலிந்தது. 1917 முதல் 1953 வரை, சால்மனைத் தின்கிறது என்பதற்காக இந்தக் கழுகைக் கொன்று காலைக் கொண்டுவந்தால் அலாஸ்காவில் அரசே சன்மானம் கொடுத்திருக்கிறது. 1 லட்சத்துக்கும் மேல் கொன்றிருக்கிறார்கள். 1982-இல் இதே பள்ளத்தாக்கைக் கழுகுகளுக்கென்றே சரணாலயமாக்கினார்கள். அதைக் கேட்டபோது ஒரு கழுகு எங்கள் தலைக்கு நேர்மேலே கிளையில் உட்கார்ந்து கீழே பார்த்துக்கொண்டிருந்தது. கரடி கண்ணில் படவில்லை. ஈரமணலில் மூஸ் மானின் குளம்புத்தடம் மட்டும் பார்த்தோம், என் உள்ளங்கையை விடப் பெரிது.

வியாழன் கிளேசியர் பே, பனியாறுகள் கடலில் இறங்கும் வளைகுடா, தேசியப் பூங்கா. ஒரு நாளைக்கு இரண்டு பெரிய கப்பல்களுக்குத்தான் அனுமதி. டிக்கெட் எடுக்கும்போது உங்கள் கப்பல் இதற்குள் போகிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள், எல்லாக் கப்பலும் போகாது. காலையில் பூங்காவின் ரேஞ்சர்கள் சிறு படகில் வந்து ஏறி, நாள் முழுக்க ஒலிபெருக்கியில் விளக்கம் சொன்னார்கள். நல்ல ஆசிரியர்கள், விஷயம் தெரிந்தவர்கள். 1794-இல் இந்த வளைகுடாவே கிடையாது, வாசல் வரைக்கும் பனிக்கட்டி. இப்போது பனி சுமார் 100 கிலோமீட்டர் உள்ளே போய்விட்டது. கப்பல் அந்த 100 கிலோமீட்டரையும் கடந்துதான் மார்ஜரி பனியாற்றின் முன் போய் நின்றது.

நீர்மட்டத்துக்கு மேல் சுமார் 75 மீட்டர் உயரம், ஒன்றரைக் கிலோமீட்டர் அகலம். வெள்ளை என்று நினைத்துப் போனேன். இடுக்குகளில் ஆழ்ந்த நீலம். இறுகிய பனிக்கட்டி சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொள்வதால் நீலம்தான் நம் கண்ணுக்கு வருகிறது. ஓரங்களில் அழுக்குக் கோடுபோல மொரைன். ஒரு பாளம் சத்தமே இல்லாமல் சரிந்தது. அது தண்ணீரைத் தொட்ட பிறகுதான் இடி வந்து சேர்ந்தது. இந்த மண்ணின் டிலிங்கிட் மக்கள் அதை வெள்ளை இடி என்கிறார்களாம். நான் அழுதுவிட்டேன். வீட்டுக்காரர் ஒன்றும் கேட்கவில்லை, தன் மப்ளரைக் கழற்றிக் கொடுத்தார்.

கப்பல் நின்ற இடத்திலேயே மெதுவாக ஒரு சுற்றுத் திரும்பி இரண்டு பக்கத்துக்கும் காட்டுகிறது. அதனால் பால்கனி அறைக்குக் கூடுதல் காசு தேவையில்லை. உள்பக்க அறை எடுத்து, மிச்சத்தை ஆற்றுப் பயணத்துக்குக் கொடுங்கள். எங்கள் அறை நடன அரங்குக்கு நேர் கீழே இருந்தது, நள்ளிரவு வரை அதிர்வு. மாற்றிக் கேட்டோம், இடமில்லை என்று காதடைப்பான் கொடுத்தார்கள். முன்பதிவின்போதே தளப் படத்தைப் பார்த்து, மேலும் கீழும் அறைகளே உள்ள தளமாக எடுப்பது நல்லது. சாப்பாட்டில் சைவத்துக்குக் குறையில்லை. முந்தின இரவே சொல்லிவைத்தால் பருப்பும் சோறும் தனியாகச் செய்து தருகிறார்கள். தயிர் எப்போதும் உண்டு. பரிமாறிய பிள்ளைகள் அவ்வளவு அன்பு. இணையத்துக்குத் தனிக் கட்டணம், டிப்ஸ் நாள் கணக்கில் தானாகவே பில்லில் ஏறிவிடும்.

ஆற்றில் அந்தப் பெண் இன்னொன்றும் சொன்னாள். அக்டோபருக்குப் பிறகு மற்ற ஆறுகள் உறைந்துவிடும், சில்காட்டின் ஒரு பகுதியில் மட்டும் அடியிலிருந்து வெதுவெதுப்பான நீர் ஊறுவதால் தண்ணீர் திறந்தே இருக்கும், கடைசி சால்மன்கள் அப்போதும் ஏறும், அவற்றுக்காக 3,000-க்கும் மேற்பட்ட கழுகுகள் அந்த ஒரே இடத்தில் கூடும் என்று. உல்லாசக் கப்பல்கள் அப்போது ஓடாது. ஜூனோ வரை விமானம், அங்கிருந்து ஹெயின்ஸுக்கு அரசு ஃபெர்ரி. அடுத்த முறை நவம்பரில்தான் வருவோம் என்று மகளிடம் சொல்லிவிட்டேன்.