ஊரடங்கா, மாஸ்க்கா, ஜன்னலா?

கொரோனா காலத்துக் கட்டுப்பாடுகளைப் பற்றித் திருப்பூர், ஈரோடு பக்கம் பேச்செடுத்தால் இரண்டே கட்சி: "அதனாலதான் பிழைச்சோம்", "எல்லாம் வீண்". எந்தக் கட்டுப்பாடு, எந்த வைரஸ் என்று யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை.

முதலில் ஊரடங்கு. 2020-ல் இன்ஃப்ளூயன்சா உலகம் முழுக்க ஏறக்குறைய காணாமல் போனது. அதில் பி-யமகாட்டா என்ற வகை அந்த மார்ச்சுக்குப் பின் உறுதியாகத் தென்படவே இல்லை. கொரோனா மட்டும் எப்படித் தப்பியது? சாதாரண ஃப்ளூ வந்தவர் சராசரியாக 1.3 பேருக்குத் தருவார். முதலில் வந்த கொரோனா 2 முதல் 3 பேருக்கு. ஆட்கள் சந்திப்பதைப் பாதியாக்கினால் ஃப்ளூ 1-க்குக் கீழே போய்த் தானாக அடங்கும். கொரோனாவுக்கு அது போதாது, அதைவிட வேகமாகப் பரவிய டெல்டா வகைக்குச் சுத்தமாகப் போதாது. 2021 மே கடைசியில், ஊரடங்கு இருக்கும்போதே, கோவையின் தினசரி எண்ணிக்கை சென்னையைத் தாண்டியது.

விலையும் பெரிது. தறி ஓடாத நாளுக்குக் கூலி கிடையாது. தள்ளிப்போன நோயும் பாக்கியை வசூலிக்க வந்தது: குழந்தைகளுக்கு மூச்சுத்திணறல் தரும் ஆர்.எஸ்.வி., ஆஸ்திரேலியாவில் 2020 குளிர்காலத்தில் வராமல், வழக்கத்துக்கு மாறாகக் கோடையில் கிளம்பியது. ஆனால் கொரோனாவில் அந்தத் தள்ளிப்போடல்தான் லாபம். இடையில் தடுப்பூசி வந்துவிட்டதே.

சானிடைசர்? கொழுப்பு உறை உள்ள கொரோனாவை ஆல்கஹால் கொல்லும். ஆனால் அது பெரும்பாலும் காற்றில்தான் பரவியது. சளி தரும் ரைனோ வைரஸுக்கு அந்த உறையே இல்லை, ஆல்கஹாலுக்கு அவ்வளவாக அசையாது. மற்றவை ஒடுங்கியிருந்தபோதும் பல நாடுகளில் அது சுற்றிக்கொண்டுதான் இருந்தது. கைக்குச் சோப்பே போதும்.

மாஸ்க்கில் நம்மூர் பனியன் துணியும் என்95-ம் ஒன்றல்ல. துணி, போட்டவரின் எச்சில் துளியை ஓரளவு நிறுத்தும். என்95 நுண்துகளில் குறைந்தது 95% வடிகட்டும், முகத்தோடு ஒட்டியிருந்தால். துவைத்தால், துகளை இழுத்துப் பிடிக்கும் அதன் மின்னூட்டம் போய்விடும். தாடைக்குக் கீழே தொங்கிய மாஸ்க்கைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

என் ஓட்டு ஜன்னலுக்கு. கூலி போகாது, பள்ளி மூடாது, வைரஸ் எதுவானாலும் காற்றில் அதன் அடர்த்தி குறையும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஆடியில் சும்மாவே கிடைக்கிறது. ஆனால் பஞ்சும் தூசியும் பறக்கும் என்று தையல் ஹாலில் சாத்திவிடுகிறார்கள். ஏசி மண்டபத்தில் திறக்க ஜன்னலே இல்லை. அங்கே மட்டும் என்95.