ஆண்டர்சனா, பிராடா: ஒருவரைத்தான் எடுக்கலாம் என்றால்

ஜேம்ஸ் ஆண்டர்சன், ஸ்டூவர்ட் பிராட் என்ற இரண்டு வேகப்பந்து வீச்சாளர்களில் யார் என்ற கேள்வியை இங்கிலாந்து தேர்வாளர்கள் பதினைந்து வருஷம் சாமர்த்தியமாகத் தள்ளிப்போட்டார்கள். இருவரையும் சேர்த்தே ஆட வைத்தால் வம்பில்லையே. 2008 மார்ச்சில் வெலிங்டன் டெஸ்டுக்கு மூத்த வீச்சாளர்கள் ஹோகார்டையும் ஹார்மிசனையும் உட்கார வைத்து இந்த ஜோடியை இறக்கினார்கள். அப்புறம் இருவரும் சேர்ந்து 138 டெஸ்ட் ஆடிவிட்டார்கள்.

சேப்பாக்கத்தில்தான் அந்தச் சங்கடம் வந்தது. 2021 பிப்ரவரியில் இங்கே அடுத்தடுத்து இரண்டு டெஸ்ட். வீரர்களைச் சுழற்சி முறையில் ஆட வைக்கிறோம் என்று முதல் டெஸ்டுக்கு ஆண்டர்சன், இரண்டாவதுக்கு பிராட் என்று பிரித்தார்கள். ஐந்தாம் நாள் காலை, இந்தியா 420 ரன்னைத் துரத்திக்கொண்டிருந்தது. ஆண்டர்சன் கையில் பழைய பந்து. ஐம்பது அடித்து நன்றாக ஆடிக்கொண்டிருந்த ஷுப்மன் கில்லின் மட்டைக்கும் காலுக்கும் நடுவே ஒரு பந்து உள்ளே புகுந்து ஸ்டம்பைப் பெயர்த்தது. அடுத்து வந்த ரஹானேவுக்கு எல்பிடபிள்யூ அப்பீல், ரிவியூ, தப்பித்தார். அதே ஓவரில் அதே மாதிரி இன்னொரு பந்து, இந்த முறை அவர் ஸ்டம்பும் போனது. கொஞ்ச நேரத்தில் பந்த்தும் அவரிடமே அவுட். 17 ரன்னுக்கு 3 விக்கெட், இங்கிலாந்துக்கு 227 ரன் வெற்றி. அடுத்த வாரம் அதே மைதானத்தில் பிராட் விக்கெட்டே எடுக்கவில்லை, இந்தியா 317 ரன்னில் வென்றது.

இதை வைத்துத் தீர்ப்பு எழுதினால் பிராடுக்கு அநியாயம். இரண்டாவது டெஸ்டின் ஆடுகளம் முதல் நாளே சுழன்றது, அங்கே வேகப்பந்து வீச்சாளருக்குப் பெரிதாக வேலையில்லை. ஆனால் ஒரு விஷயம் தெரிகிறது. ஆடுகளம் எதுவும் தராதபோதும் ஆண்டர்சன் எதையாவது கறந்துவிடுவார். பிராடுக்கு ஆடுகளம் கொஞ்சம் கை கொடுக்க வேண்டும். கொடுத்துவிட்டால், எதிரணி மதியச் சாப்பாட்டுக்குக்கூடத் தாங்காது.

ஆண்டர்சனின் கதை முழுக்கக் கைவேலை. பர்ன்லிக்காரர். 2003 மே மாதம் லார்ட்ஸில் ஜிம்பாப்வேவுக்கு எதிரான முதல் டெஸ்டிலேயே ஐந்து விக்கெட். அப்புறம்தான் சோதனை. இந்த ஆக்‌ஷனில் வீசினால் உடம்பு தாங்காது என்று பயிற்சியாளர்கள் அதை மாற்றினார்கள். வேகமும் ஸ்விங்கும் போனதோடு, 2006-ல் முதுகு எலும்பில் விரிசலும் விட்டது. பழைய ஆக்‌ஷனுக்கே திரும்பி வந்த பிறகுதான் நமக்குத் தெரிந்த ஆண்டர்சன் உருவானார். 2010-ல் பாகிஸ்தானின் முகமது ஆசிஃப் வீசுவதைப் பார்த்து, பந்தின் தையலை நேராக வைக்காமல் தள்ளாட விடும் வித்தையை எடுத்துக்கொண்டார். அந்தப் பந்து தரையில் பட்டு எந்தப் பக்கம் போகும் என்பது வீசியவருக்கே தெரியாது, மட்டையாளர் எதைப் பார்த்துக் கண்டுபிடிப்பார்? ஓடி வரும்போது பந்தை மறு கையால் மறைத்துக்கொள்வதை ஜாகீர் கானிடமிருந்து எடுத்தார். நம்மிடம் கற்றதை நம் மீதே பிரயோகித்தார் என்பதுதான் கொடுமை: டெஸ்டில் சச்சினை 9 முறை வீழ்த்தியிருக்கிறார். 2012-ல் இங்கிலாந்து இங்கே வந்து தொடரை வென்றபோது, இரு அணிக்கும் இருந்த வித்தியாசம் ஆண்டர்சன்தான் என்று தோனியே சொன்னார்.

பிராட் வேறு ரகம். அப்பா கிறிஸ் பிராட் இங்கிலாந்தின் தொடக்க ஆட்டக்காரர், மகனும் சின்ன வயதில் மட்டையாளர்தான். நெடுநெடுவென்று வளர்ந்த பிறகு பந்தைப் பிடித்தார். 2007 செப்டம்பரில் டர்பனில் யுவராஜ் சிங் ஒரே ஓவரில் ஆறு சிக்ஸர் அடித்தது இவரைத்தான். மூன்று மாதம் கழித்துக் கொழும்பு எஸ்எஸ்சி மைதானத்தின் செத்த ஆடுகளத்தில் முதல் டெஸ்ட், கிடைத்தது சமிந்த வாஸின் விக்கெட் ஒன்றே ஒன்று. இப்படித் தொடங்கியவர் 604 விக்கெட்டில் முடித்தார் என்றால் அந்த மண்டைக்குள் என்ன இருந்திருக்க வேண்டும்!

பிராடைப் புரிந்துகொள்ள 2015 ஆகஸ்ட் 6, டிரென்ட் பிரிட்ஜ் காலைப் பொழுது போதும். ஆண்டர்சன் காயத்தால் வெளியே. டாஸ் வென்று கேப்டன் குக் ஆஸ்திரேலியாவை ஆட அழைத்தார். முதல் ஓவரின் மூன்றாவது பந்தில் ரோஜர்ஸ் ஸ்லிப்பில் கேட்ச், அது பிராடின் 300-வது விக்கெட். அதே ஓவரில் ஸ்மித்தும் காலி. வோஜஸ் அடித்தது ஐந்தாவது ஸ்லிப்பைத் தாண்டிப் போயிருக்க வேண்டிய பந்து. ஸ்டோக்ஸ் பின்பக்கமாகப் பாய்ந்து ஒற்றைக் கையில் பிடித்தார். பிராட் வாயைப் பொத்திக்கொண்டு கண்கள் விரிய நின்ற அந்த முகம் பாதி மீம்களில் இன்னும் உயிரோடு இருக்கிறது. ஆஸ்திரேலியா 18.3 ஓவரில் 60-க்கு ஆல் அவுட். பிராட் 15 ரன்னுக்கு 8 விக்கெட். உதிரி ரன் 14, அதைத் தாண்டிய ஆஸ்திரேலிய மட்டையாளர் ஒருவர்கூட இல்லை. ஆண்டர்சனின் சிறந்த பந்துவீச்சு 42 ரன்னுக்கு 7, அருமையானதுதான். ஆனால் இங்கிலாந்தும் ஆஸ்திரேலியாவும் மோதும் ஆஷஸ் தொடரையே ஒரு காலைப் பொழுதில் முடித்துவைத்த வீச்சு அவர் கணக்கில் இல்லை.

இது தற்செயலும் அல்ல. 2009 ஓவல், 2013-ல் நியூஸிலாந்தை 68-க்குச் சுருட்டிய லார்ட்ஸ், அதே வருஷம் டர்ஹாம், 2016 ஜோஹன்னஸ்பர்க். முட்டியைத் தூக்கித் தூக்கி ஓடிவரத் தொடங்கிவிட்டால் பிராடை நிறுத்த முடியாது. எதிராளியைப் படிப்பதிலும் கில்லாடி. இடது கை ஆட்டக்காரர்களுக்கு ரவுண்ட் தி விக்கெட்டில், அதாவது ஸ்டம்பின் மறுபக்கமாக வந்து, பந்து தரையில் படும் இடத்தை மட்டையாளர் பக்கம் கொஞ்சம் தள்ளி வீசத் தொடங்கினார். 2019 ஆஷஸில் டேவிட் வார்னர் ஆடியது 10 இன்னிங்ஸ், 7 முறை பிராடிடம் அவுட். மொத்த டெஸ்ட் வாழ்க்கையில் 17 முறை. வார்னருக்கு அது கெட்ட கனவு.

சரி, எண்களுக்கு வருவோம். ஆண்டர்சன் 188 டெஸ்டில் 704 விக்கெட், ஒரு விக்கெட்டுக்குக் கொடுத்த ரன் சராசரி 26.45. பிராட் 167 டெஸ்டில் 604, சராசரி 27.68. ஒரே இன்னிங்ஸில் ஐந்து விக்கெட் வீழ்த்தியது ஆண்டர்சன் 32 முறை, பிராட் 20. பார்த்ததும் ஆண்டர்சன் என்று தோன்றும். ஆனால் ஒரு விக்கெட்டுக்கு எத்தனை பந்து என்று பாருங்கள்: பிராடுக்கு சுமார் 56, ஆண்டர்சனுக்கு சுமார் 57. விக்கெட் எடுக்கும் வேகத்தில் பிராட் ஒரு மயிரிழை முந்துகிறார். ஆண்டர்சனின் சராசரி நன்றாக இருப்பதற்குக் காரணம் அவர் ரன் கொடுக்காத கஞ்சத்தனம். ஆஷஸை மட்டும் எடுத்தால் கதை தலைகீழ்: பிராட் 153, ஆண்டர்சன் 117.

வயது கணக்கில் ஆண்டர்சனுக்குப் போட்டியே கிடையாது. 35 தாண்டிய பிறகு மட்டும் 200-க்கு மேல் விக்கெட். 38 வயதில் காலேயில் 40 ரன்னுக்கு 6. வேகப்பந்து வீச்சாளர்கள் அந்த வயதில் வர்ணனைப் பெட்டியில் உட்கார்ந்திருப்பார்கள். 41 வயதில் தர்மசாலாவில் குல்தீப் யாதவை அவுட்டாக்கி 700 தொட்டார்.

விடைபெற்ற விதம் பிராடுடையதுதான் அழகு. 2023 ஓவல் டெஸ்டின் நடுவில் தானே அறிவித்து, மட்டை பிடித்த கடைசிப் பந்தில் ஸ்டார்க்கை சிக்ஸர் அடித்து, வீசிய கடைசிப் பந்தில் அலெக்ஸ் கேரியை வெளியேற்றினார். ஆண்டர்சனை மான்செஸ்டர் ஹோட்டல் ஒன்றுக்குக் கூப்பிட்டு, எதிர்காலத்தைப் பார்க்க வேண்டும் என்று பக்குவமாகச் சொல்லி அனுப்பினார்கள். 2024 ஜூலையில் லார்ட்ஸில் கடைசி டெஸ்ட். மனுஷன் அதோடு விட்டாரா? அடுத்த வருஷம் தன் உள்ளூர் அணியான லங்காஷயருக்காக மறுபடி ஓடி வந்தார்.

பேட்டிங்கில் ஒப்பீடே வேண்டாம், 169 அடித்த பிராட்தான். ஆனால் 2014-ல் வருண் ஆரோன் பந்து மூக்கை உடைத்த பிறகு அவர் பழைய பிராட் இல்லை.

என் தேர்வு இது. இங்கிலாந்தில் ஆஷஸ், மேகமூட்டம், ஒரே ஒரு டெஸ்ட் என்றால் கண்ணை மூடிக்கொண்டு பிராட். இந்தியாவிலோ இலங்கையிலோ ஐந்து டெஸ்ட் தொடர் என்றால் யோசிக்காமல் ஆண்டர்சன். இழுபறி வருவது ஆஷஸ் ஆஸ்திரேலியாவில் நடக்கும்போதுதான். 2010-11-ல் ஆண்டர்சன் 24 விக்கெட் எடுத்துத் தொடரை வென்று தந்தார், பிராட் இரண்டு டெஸ்டோடு காயத்தில் ஊர் திரும்பினார். 2013-14-ல் அணி 5-0 என்று உதை வாங்கியது. பிரிஸ்பேன் நாளிதழ் ஒன்று பிராட் பெயரையே அச்சடிக்க மாட்டேன் என்று அடம் பிடிக்க, அவர் பிரிஸ்பேன் மைதானத்தில் 6 விக்கெட் எடுத்துவிட்டு, அதே நாளிதழைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பத்திரிகையாளர் சந்திப்புக்கு வந்தார். அந்தத் தொடரில் பிராட் 21, ஆண்டர்சன் 14. 2017-18-ல் ஆண்டர்சன் 17, பிராட் 11. இந்த மூன்று தொடரை வைத்துப் பார்த்தால், இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் அங்கேயும் ஆண்டர்சன்தான், நூலிழை வித்தியாசத்தில்.