மதிப்பெண் இடைவெளியா, தீராத பாக்கியா?

அமெரிக்கப் பள்ளிகளில் கறுப்பின மாணவர்கள் பின்தங்குவதை அளக்க வழக்கமான கணக்கு ‘அடைவு இடைவெளி’. வெள்ளை மாணவர்களின் தேர்வுச் சராசரியிலிருந்து கறுப்பின மாணவர்களின் சராசரியைக் கழித்தால் போதும்; ஆண்டுதோறும் ஒப்பிட வசதி. கோளாறும் அங்கேதான். கழித்தலில் பிள்ளை மட்டுமே தெரிவதால் மருந்தும் பிள்ளைக்கே போகிறது: கூடுதல் வகுப்பு, மீண்டும் தேர்வு.

விஸ்கான்சின்-மேடிசன் பல்கலைக்கழகக் கல்வியியலாளர் குளோரியா லாட்சன்-பில்லிங்ஸ் 2006-இல் முன்வைத்தது ‘கல்விக் கடன்’. வங்கியில் வாங்கும் கடனல்ல. சமூகம் பிள்ளைகளுக்குத் தர வேண்டிய பாக்கி. இடைவெளி ஓராண்டுப் பற்றாக்குறை என்றால், இது தலைமுறைகளாகச் சேர்ந்த மொத்தக் கடன். வரலாறு, பொருளாதாரம், சமூக அரசியல், அறம் என நான்கு தலைப்புகளில் பற்று எழுதுகிறார். அதில் ஒரு வரி: அப்போது ஒரு மாணவருக்கான ஆண்டுச் செலவு சிகாகோவில் 8,482 டாலர், அருகிலுள்ள ஹைலேண்ட் பார்க்கில் 17,291. முன்னதில் பெரும்பாலோர் கறுப்பின, லத்தீன் பிள்ளைகள், பின்னதில் வெள்ளையர். இருமடங்குக்கும் மேல்!

இடைவெளிக் கணக்கைக் கைவிடக் கூடாது. எந்த வகுப்பில், எந்தப் பாடத்தில் சறுக்கல் என்பதை அதுவே உடனே காட்டும். நிதி ஒதுக்கும் மேசையில் மட்டும் முதலில் விரிக்க வேண்டியது பாக்கிப் பேரேடுதான்.