காருக்குச் சின்ன சப்வூஃபர் பெட்டி: மூன்று வகையில் எது தேறும்?

டிக்கியில் சாமான் வைக்கவும் இடம் வேண்டும், பாஸும் (தாழ்ந்த ஒலி) சுத்தமாகக் கேட்க வேண்டும் என்றால், பத்து அங்குல டிரைவர் (ஒலி எழுப்பும் ஸ்பீக்கர்) பொருத்திய, முழுக்க மூடிய சீல்டு பெட்டிதான் எங்கள் முதல் தேர்வு. சீட்டுக்கு அடியில் போகும், ஆம்ப் (ஒலிபெருக்கும் கருவி) சேர்ந்தே வரும் தட்டை வகை அடுத்தது. காற்று போய்வரக் குழாய் வைத்து, சின்ன அளவில் விற்கும் போர்ட் பெட்டிக்குக் கடைசி இடம்.

வாங்கும்போது பெரும்பாலோர் வெளி அளவைத்தான் பார்க்கிறார்கள். சத்தத்தைத் தீர்மானிப்பது உள்ளே இருக்கும் காற்று. 40 × 35 × 20 செ.மீ. பெட்டி ஒன்று; வெளியே அளந்தால் 28 லிட்டர். பலகை 18 மி.மீ. எம்.டி.எஃப். என்றால் நீளம், அகலம், உயரம் மூன்றிலும் 3.6 செ.மீ. குறையும். மிஞ்சுவது 18.7 லிட்டர். மேக்னட்டும் டிரைவரின் சட்டமும் இன்னும் ஒன்றரை லிட்டரை எடுத்துக்கொண்டால் 17 லிட்டர்தான் நிற்கும், அதாவது 0.6 கன அடி. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டது!

இந்த 17 லிட்டர் போதுமா என்பதை டிரைவரோடு வரும் தாள் சொல்லிவிடும். க்யூ.டி.எஸ். (டிரைவரின் ஆட்டம் எவ்வளவு அடங்குகிறது என்ற எண்) 0.5, வி.ஏ.எஸ். (டிரைவரின் தொங்கலுக்கு இணையான மீள்தன்மை உள்ள காற்றின் அளவு) 30 லிட்டர், எஃப்.எஸ். (டிரைவர் தனியாக இயல்பாக அதிரும் அதிர்வெண்) 32 ஹெர்ட்ஸ் என்று இருந்தால், 17 லிட்டரில் க்யூ.டி.சி. (பெட்டிக்குள் வைத்தபின் அந்த அடக்க எண்) சுமார் 0.83, பெட்டிக்குள் இயல்பு அதிர்வெண் 53 ஹெர்ட்ஸ். நல்ல கணக்கு. அதே டிரைவரை 10 லிட்டரில் அடைத்தால் க்யூ.டி.சி. 1.0, அதிர்வெண் 64 ஹெர்ட்ஸ் ஆகிவிடும். 90 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு மேடு விழும், அதாவது அங்கே மட்டும் சத்தம் தூக்கும். பாஸ் கிட்டார், கிக் டிரம் எல்லாம் ஒரே 'தொம் தொம்' ஆகக் கேட்கும். பாலியஸ்டர் பஞ்சு தளர்வாக அடைத்தால் பெட்டி கொஞ்சம் பெரிதானது போல நடந்துகொள்ளும், ஆனால் பாதி அளவுப் பெட்டியை அது காப்பாற்றாது. சீல்டு பெட்டியில் கீழ் ஸ்வரங்கள் ஆக்டேவுக்கு (அதிர்வெண் பாதியாகும் ஒவ்வொரு முறைக்கும்) 12 டெசிபல் வீதம் மெதுவாக இறங்கும். மூடிய காருக்குள் கீழ் ஸ்வரம் தானாகவே ஏறும் என்பதால் இரண்டும் பொருந்திப்போகின்றன.

போர்ட் பெட்டி சின்னதானால் ஏன் சொதப்புகிறது? 25 லிட்டரை 35 ஹெர்ட்ஸுக்கு ட்யூன் செய்ய (குழாய்க் காற்று அந்த அதிர்வெண்ணில் ஒலிக்க), 7.5 செ.மீ. விட்டமுள்ள குழாய் கிட்டத்தட்ட 38 செ.மீ. நீளம் வேண்டும். அவ்வளவு நீளம் உள்ளே நேராக நிற்காது. அதனால் பலர் குழாயை வெட்டிச் சின்னதாக்கிவிடுகிறார்கள்; ட்யூனிங் 50 ஹெர்ட்ஸுக்குப் பக்கம் ஏறிவிடும். அதற்குக் கீழே டிரைவரின் கூம்பான கோனைப் பிடிக்கக் காற்று இல்லாமல் அது கண்டபடி ஆடும், மிகத் தாழ்ந்த ஸ்வரங்களை வெட்டும் சப்சோனிக் ஃபில்டர் இல்லையென்றால் டிரைவரின் கம்பிச்சுருள் அடிபடும். குழாயை ஒடுக்கினால் நீளம் குறையும்தான், ஆனால் வால்யூம் ஏற்றியதும் 'புஸ் புஸ்' என்று காற்றுச் சத்தம் வரும்.

சீட்டுக்கு அடியில் வைப்பவை பெரும்பாலும் 7 முதல் 8 செ.மீ. உயரம். சீட்டை முழுக்க இறக்கி, பின்னால் தள்ளி, ஒருவரை உட்காரவைத்து அளந்து பாருங்கள்; காலி சீட்டின் அளவு ஏமாற்றும். பின்சீட்டுக்கு ஏ.சி. காற்று போகும் குழாய் அங்கே ஓடுகிறதா என்றும் பார்க்க வேண்டும். மஞ்சள் நிறக் கனெக்டர் ஏர்பேக்குடையது, அதைக் கழற்றாதீர்கள். இந்த வகை நெஞ்சில் இடிக்காது, கார் ஸ்பீக்கரில் காணாமல்போன அடிப்பாகத்தை நிரப்பும். அட்டையில் 'பீக்' (கண நேர உச்சம்) என்று போட்ட வாட்ஸை விட்டுவிட்டு, தொடர்ந்து தரும் சக்தியைச் சொல்லும் ஆர்.எம்.எஸ். எண்ணைப் பாருங்கள். 150 வாட்ஸ் ஆர்.எம்.எஸ். கிளாஸ் டி ஆம்ப் முழு வேகத்தில் 14 ஆம்பியர் போல இழுக்கும். தயாரிப்பாளர் வேறு சொல்லாவிட்டால் 20 ஆம்பியர் ஃப்யூஸை பேட்டரியிலிருந்து 45 செ.மீ.க்குள் போடுங்கள்.

சீல்டு பெட்டி கைக்கு வந்ததும் கோனின் நடுவை நான்கு விரலால் மெல்ல அழுத்தி விடுங்கள். தயங்கித் திரும்பினால் காற்று நிற்கிறது. பட்டென்று திரும்பினால் எங்கோ ஓட்டை. பெரும்பாலும் வயர் செருகும் டெர்மினல் கப்பின் ஓரம்தான். அதைக் கழற்றி ஃபோம் கேஸ்கெட் டேப் ஒட்டி, திருகுகளை எதிரெதிராக இறுக்குங்கள்.