ஃபாலுன் செப்புச் சுரங்கம்: போகலாம், ஸ்வெட்டரோடு

சுவீடன் போகிறவர்கள் இந்தச் சுரங்கச் சுற்றுலாவைத் தாராளமாகச் சேர்த்துக்கொள்ளலாம். முதலில் மேலே பெரும்பள்ளத்தின் விளிம்பில் நின்று பாருங்கள்: இஷ்டத்துக்குத் தோண்டித் தோண்டிச் சுவர்கள் தாங்காமல் 1687-இல் மொத்தமாகச் சரிந்ததுதான் அது, நடுக்கோடை விடுமுறை என்பதால் உள்ளே வேலை நடக்கவில்லை, ஒருவர்கூடச் சாகவில்லை. நம்பவே முடியவில்லை!

தாதுவில் முக்கியம் சால்கோபைரைட் (பித்தளை மஞ்சள் நிறச் செம்புத் தாது), கூடவே பைரைட் (இரும்பும் கந்தகமும் சேர்ந்தது), ஸ்பேலரைட் (துத்தநாகத் தாது), கலீனா (ஈயத் தாது). அதனால் செம்பு என்றாலே பச்சையும் நீலமுமாகக் கற்கள் ஜொலிக்கும் என்று போனால் ஏமாற்றம்தான். 1677-இல் காணாமல் போன ஒரு தொழிலாளியின் உடல், செம்புச் சத்து ஊறிய நீரால் கெடாமல் 1719-இல் கிடைத்ததாம்; முன்பு அவருக்கு நிச்சயமான பெண்தான் அடையாளம் காட்டினாராம். எனக்கு அந்தக் கதைக்கே டிக்கெட் காசு சரியாகிவிட்டது.

கீழே கோடையிலும் குளிர், படிகளும் நிறைய. முட்டிவலிக்காரர்கள் மேலே மியூசியத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.