சென்னையில் முழங்கால் மாற்றுச் சத்திரசிகிச்சை: வெளிநாட்டு நோயாளர் பிரிவொன்றின் சேவை எப்படி?

யாழ்ப்பாணத்திலிருந்தும் கொழும்பிலிருந்தும் சத்திரசிகிச்சைக்காகச் சென்னைக்குப் போய்வந்தவர்கள் எழுதும் மதிப்புரைகளில் பெரும்பாலானவை, விமான நிலையத்துக்கு வாகனம் வந்ததா, அறை துப்புரவாக இருந்ததா, சாப்பாட்டில் உறைப்பு எப்படி என்பவற்றோடு முடிந்துவிடுகின்றன. எழுபது வயதைக் கடந்த, நீரிழிவும் உயர் இரத்த அழுத்தமும் உள்ள என் தாயாரின் முழங்கால் மூட்டு மாற்றத்துக்காகச் சென்னையின் பெரிய தனியார் வைத்தியசாலை ஒன்றின் வெளிநாட்டு நோயாளர் பிரிவை அணுகிய அனுபவத்தை, பாதுகாப்பு என்ற ஒன்றை மட்டும் அளவுகோலாக வைத்து இங்கே மதிப்பிடுகிறேன். வைத்தியசாலையின் பெயரைக் குறிப்பிடவில்லை. இங்கே சொல்லும் குறைகள் அந்த ஓர் இடத்துக்கு மட்டும் உரியவை அல்ல என்பதும் அதற்கு ஒரு காரணம்.

சத்திரசிகிச்சைக் கூடத்துக்குள் நடந்தவற்றுக்கு முழு மதிப்பெண் கொடுக்கலாம். அதற்கு முன்னும் பின்னும் நடந்தவற்றுக்கு அப்படிக் கொடுக்க முடியவில்லை.

நின்ற நிலையில் எடுத்த எக்ஸ்ரே, ஈசிஜி, எக்கோ அறிக்கைகள், மூன்று மாதச் சராசரி இரத்தச் சர்க்கரையைக் காட்டும் பரிசோதனை ஆகியவற்றை மின்னஞ்சலில் அனுப்பியதும் மதிப்பீட்டுத் தொகை விரைவாக வந்தது. ஆனால் அதில் சத்திரசிகிச்சை செய்யப்போகும் வைத்தியர் யார் என்பது இல்லை. கேட்ட பிறகே பெயர் வந்தது. வற்புறுத்திய பிறகே அவரது பதிவு எண் வந்தது. தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலின் இணையதளத்தில் அந்த எண்ணைச் சரிபார்ப்பதற்குச் சில நிமிடங்களே போதும், எனவே பெயரும் எண்ணும் தராத இடத்துக்கு முற்பணம் அனுப்பக்கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். வைத்தியசாலைக்கு இந்தியாவின் என்ஏபிஎச் தரச் சான்று இருந்தது. இத்தகைய சான்றும், சர்வதேச அளவில் வழங்கப்படும் ஜேசிஐ சான்றும், மருந்து கையாளுதல், தொற்றுத் தடுப்பு, பதிவேடு போன்ற நிறுவன நடைமுறைகளைச் சோதித்துத் தரப்படுபவை. ஒரு குறிப்பிட்ட வைத்தியரின் கைத்திறனுக்கு அவை உத்தரவாதம் ஆகமாட்டா என்பதையும், சான்றின் காலாவதித் தேதியைப் பார்க்க வேண்டும் என்பதையும் பலர் கவனிப்பதில்லை.

மிகவும் கவலை தந்தது வேறொரு விடயம். இடையில் நின்று ஏற்பாடுகளைச் செய்த முகவர், இரண்டு முழங்கால்களையும் ஒரே தடவையில் மாற்றிக்கொண்டால் விமானச் சீட்டும் தங்குமிடச் செலவும் மிச்சம் என்று மிக இயல்பாகச் சொன்னார். கணக்குப்படி அது சரிதான். ஆனால் ஒரே மயக்கத்தில் இரண்டு மூட்டுகளையும் மாற்றும்போது குருதியிழப்பும், இதயத்துக்கு ஏற்படும் சுமையும், காலில் உருவாகும் குருதிக்கட்டி நுரையீரலுக்குச் செல்லும் ஆபத்தும் அதிகமாகின்றன. வயது கூடியவர்களுக்கும் இதய நோய் அல்லது கட்டுப்படாத நீரிழிவு உள்ளவர்களுக்கும் வைத்தியர்கள் அதைத் தவிர்ப்பதன் காரணம் இதுவே. உள்ளூரில் இருப்பவர் ஒரு காலை மாற்றி, ஆறுதலாகத் தேறி, பிறகு மற்றக் காலைப் பற்றி யோசிப்பார். பயணம் செய்து வருபவரோ செலவுக்கு அஞ்சி உடலுக்குப் பொருந்தாத முடிவை எடுக்கத் தூண்டப்படுகிறார். எங்கள் விடயத்தில் வைத்தியர் நேரில் பார்த்ததும் ஒரு காலுக்கு மேல் செய்யமாட்டேன் என்று தெளிவாகச் சொல்லிவிட்டார், அதற்காக அவரை எவ்வளவும் பாராட்டலாம். முகவர்களுக்குத் தரகுப் பணம் வைத்தியசாலையிலிருந்தே கிடைப்பது வழமை என்பதால், மருத்துவ விடயத்தில் அவர்கள் சொல்லும் எதையும் வைத்தியரிடம் மீண்டும் கேட்காமல் ஏற்கலாகாது.

விசா தொடர்பில் அந்தப் பிரிவு ஒழுங்காக உதவியது. இந்தியாவின் மின்னணு மருத்துவ விசாவுக்கு வைத்தியசாலையின் கடிதம் வேண்டும். அது 60 நாட்களுக்குச் செல்லுபடியாகும், மூன்று தடவை நுழையலாம், உதவிக்கு இருவர் தனி விசாவில் செல்லலாம். தேறுவதற்கு எதிர்பார்த்ததை விட அதிக நாள் எடுத்தால் தங்குவதற்கு முறையான அடிப்படை இருக்கும் என்பதால் இந்த வகையையே தெரிவு செய்வது நல்லது.

உள்ளே அனுமதித்த பிறகு நடந்தவற்றில் குறை சொல்ல அதிகம் இல்லை. மாற்ற வேண்டிய காலில், நோயாளி விழிப்பாக இருக்கும்போதே அடையாளமிட்டார்கள். உலக சுகாதார நிறுவனம் 2008இல் அறிமுகப்படுத்திய சத்திரசிகிச்சைப் பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியலை அங்கே பின்பற்றுகிறார்களா என்று கேட்டபோது, மயக்க மருந்து வைத்தியர் முகம் சுளிக்காமல் விளக்கினார். ஒப்புதல் படிவம் ஆங்கிலத்தில் இருந்தாலும் தமிழில் வரிக்கு வரி சொல்லிக் கையொப்பம் வாங்கினார்கள்.

பில்லைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இந்திய அரசின் மருந்து விலை நிர்ணய ஆணையம் 2017 ஆகஸ்டில் செயற்கை முழங்கால் மூட்டுகளுக்கு உச்ச விலை விதித்தது; பெருமளவில் பயன்படும் கோபால்ட்-குரோமிய வகைக்கு அப்போது வரி நீங்கலாக 54,720 இந்திய ரூபாய். எனவே மொத்தத் தொகைக்குள் மூட்டின் விலையையும் தனியாக எழுதித் தரும்படி கேட்பதில் தவறில்லை. அதைவிட முக்கியம், பொருத்திய பாகங்களின் தயாரிப்பாளர் பெயர், வகை, தொகுதி எண் அடங்கிய ஒட்டுத்தாள்களின் பிரதி. பிற்காலத்தில் அந்த மூட்டில் கோளாறு வந்தால், எதைப் பொருத்தினார்கள் என்பது இலங்கை வைத்தியருக்கு அந்தத் தாளிலிருந்தே தெரியவரும். நாங்கள் கேட்காவிட்டால் அது கிடைத்திராது. மதிப்பீட்டுத் தொகையில் சிக்கல்களுக்கான செலவு சேராது என்ற வரி சிறிய எழுத்தில் இருந்தது. திட்டமிட்ட சிகிச்சைக்காகச் செய்யும் பயணத்தைச் சாதாரண பயணக் காப்புறுதிகள் பொதுவாக ஏற்பதில்லை என்பதால், தீவிர சிகிச்சைப் பிரிவில் சில நாட்கள் கூடினாலும் தாங்கக்கூடிய பணத்தை ஒதுக்கி வைக்காமல் புறப்படுவது ஆபத்தானது.

வீடு திரும்புவதற்கான ஏற்பாடுதான் இந்தச் சேவையின் மிகப் பலவீனமான பகுதி. தையல் பிரிப்பதற்கு முன்பே திரும்பும் சீட்டைப் பதிவு செய்யலாமா என்று அந்தப் பிரிவிலிருந்து கேட்டார்கள். எப்போது பறக்கலாம் என்பதை வைத்தியரின் கையெழுத்தில் நாங்களே கேட்டு வாங்கினோம். நான்கு மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணம் குருதிக்கட்டி ஆபத்தை ஏறத்தாழ இரட்டிப்பாக்குகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2007இல் அறிவித்தது. அது எல்லாப் பயணிகளுக்குமான கணக்கு. மூட்டு மாற்றியவருக்கு ஆபத்து ஏற்கெனவே அதிகம். சென்னையிலிருந்து பலாலிக்குப் பறப்பது குறுகிய பயணம், ஆனால் இலண்டனிலோ ரொறன்ரோவிலோ இருந்து பெற்றோரைச் சென்னைக்கு அழைத்துவரும் பிள்ளைகள் திரும்பும் நாளை வாரக்கணக்கில் தள்ளிவைக்க வேண்டியிருக்கும். குருதி உறையாமல் தடுக்கும் மருந்தை எத்தனை நாள் எடுக்க வேண்டும் என்பது விடுவிப்பு அறிக்கையில் தெளிவாக இருந்தது. ஆனால் மருந்துகள் இந்திய வணிகப் பெயர்களில் மட்டும் இருந்தன. இங்கே அதே மருந்து வேறு பெயரில் விற்கப்படுவதால் மூலப்பெயரையும் எழுதித் தரச் செய்தோம்.

தொற்றைப் பற்றி அறிக்கை ஒரு வரியோடு நின்றுவிட்டது. 2008இல், புதுடில்லியில் சிகிச்சை பெற்றுச் சுவீடன் திரும்பிய ஒருவரிடம் பல நுண்ணுயிர்க்கொல்லிகளுக்கும் அடங்காத கிருமி கண்டறியப்பட்டதும், 2012இல் இந்திய மருத்துவச் சங்கங்கள் சென்னையிலேயே கூடி இத்தகைய கிருமிகளுக்கு எதிராகப் பிரகடனம் வெளியிட்டதும் மறைவான செய்திகள் அல்ல. ஊர் திரும்பிய பின் காய்ச்சலோ, காயத்தில் நீர்க்கசிவோ, தணியாத வீக்கமோ தோன்றினால், எந்த நாட்டில், எந்த மாதத்தில் சத்திரசிகிச்சை நடந்தது என்பதை இங்குள்ள வைத்தியரிடம் முதலில் சொல்ல வேண்டும் என்று ஒருவரும் எங்களுக்கு அறிவுறுத்தவில்லை. போவதற்கு முன்பே யாழ்ப்பாணத்தில் எலும்பு முறிவு வைத்தியர் ஒருவரிடம் பேசி, திரும்பிய பின் பார்ப்பதாக அவரது சம்மதத்தைப் பெற்றிருந்தோம். அந்த ஏற்பாடு இல்லாமல் இந்தச் சேவையை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

தவறு நேர்ந்தால் வழக்கிட முடியுமா என்று பலர் கேட்கிறார்கள். கட்டணம் பெற்று வழங்கும் மருத்துவ சேவை நுகர்வோர் சட்டத்துக்கு உட்பட்டது என்று இந்திய உச்ச நீதிமன்றம் 1995இல் தீர்ப்பளித்திருக்கிறது, ஆனால் வேறொரு நாட்டிலிருந்து அதை நடத்துவதற்குப் பணமும் பொறுமையும் வேண்டும்.

ஒரு காலை மட்டும் மாற்ற வேண்டியவர், கூடவே தங்க ஒருவர் உள்ளவர், திரும்பும் தேதியைத் தள்ளிவைக்க வசதியுள்ளவர் ஆகியோருக்கு இந்தப் பிரிவு பொருத்தமானது. தனியாகச் செல்பவர்களும், கடுமையான இதய நோயுள்ளவர்களும், விடுமுறை முடிவதற்குள் திரும்பியே ஆகவேண்டியவர்களும் உள்நாட்டிலேயே காத்திருப்பது நல்லது. ஐந்துக்கு மூன்றரை மதிப்பெண் கொடுக்கிறேன். குறைத்த ஒன்றரையும் விடுவிப்பு மேசையில் நடந்தவற்றுக்கும், முதல் மின்னஞ்சலில் வைத்தியரின் பெயர் இல்லாமல் போனதற்கும் உரியவை.